படத்தை மங்கலாக்குவது எப்படி: மறைப்புக்கு ஒரு முறை, அழகுக்கு வேறு முறை

ஆதார் அட்டையைப் போனில் படம் எடுத்து, எண்ணின் மேல் மட்டும் விரலால் தேய்த்து மங்கலாக்கி, வீட்டு உரிமையாளருக்கோ லாட்ஜ் வரவேற்பறைக்கோ அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பழைய பைக்கை விற்க விளம்பரம் போடும்போது நம்பர் பிளேட்டைக் கட்டம் கட்டமாக்கினால் போதும் என்று நினைப்பவர்களும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தகவல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது படத்துக்குள்ளேயே இருக்கிறது, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது.

மங்கலாக்குவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, முகம், எண், முகவரி ஆகியவற்றை மறைப்பது. இன்னொன்று, பின்னணியைக் கரைத்தும் ஓட்டத்தைக் காட்டியும் படத்துக்கு அழகு சேர்ப்பது. இரண்டுக்கும் ஒரே கருவிகளைத்தான் எடுக்கிறோம். ஆனால் மறைக்கும்போது தகவலை அழிக்க வேண்டும். அழகுக்குச் செய்யும்போது, உண்மையான லென்ஸ் எப்படி மங்கலாக்கியிருக்குமோ அப்படிக் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மறைக்க நினைத்தது வெளியே தெரிகிறது, அழகாக்க நினைத்தது போலியாகத் தெரிகிறது. முதலில் மறைப்பைப் பார்ப்போம். அதில் தவறினால் திரும்பப் பெற வழியில்லை.

மங்கலுக்குள் என்ன நடக்கிறது

டிஜிட்டல் படம் வெறும் எண்களால் ஆனது. கறுப்பு வெள்ளைப் படத்தில் முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. காகிதத்தில் அச்சான ஓர் எழுத்தின் ஓரத்தில், அடுத்தடுத்து உள்ள 6 பிக்சல்களை (படத்தின் மிகச் சிறிய புள்ளிகளை) எடுத்துக்கொள்வோம்: 0, 0, 0, 255, 255, 255. இடப்பக்கம் மை, வலப்பக்கம் காகிதம். ஒவ்வொரு பிக்சலையும் அதன் இருபக்கத்துப் பிக்சல்களோடு கூட்டி 3 ஆல் வகுத்தால் 0, 0, 85, 170, 255, 255 என்று வரும். செங்குத்தாக இருந்த ஓரம் சரிவாகிவிட்டது, கண்ணுக்கு மங்கல். ஆனால் அந்த 85, 170 எந்த இடத்தில் வருகின்றன என்று பார்த்தாலே, மை எங்கே முடிந்து காகிதம் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடலாம்.

எல்லா மங்கலுக்கும் அடிப்படை இந்தச் சராசரிக் கணக்குதான். காசியன் ப்ளர் என்பது பக்கத்துப் பிக்சலுக்கு அதிக மதிப்பும் தூரத்துப் பிக்சலுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து எடுக்கும் சராசரி. அந்த மதிப்புகள் மணி வடிவ வளைவு ஒன்றின்படி அமைகின்றன. ஜெர்மன் கணித மேதை காஸின் பெயர் அதற்கு. மொசைக் என்பது படத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் சராசரி நிறத்தைப் பூசுவது. இரண்டிலும் பழைய எண்கள் புதிய எண்களுக்குள் தடம் விட்டுச் செல்கின்றன.

இப்போது உங்கள் ஆதார் எண்ணை ஒருவர் கண்டுபிடிக்க நினைத்தால், மங்கலை நீக்க அவர் முயலவே வேண்டாம். அட்டையில் எந்த எழுத்துரு, என்ன அளவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை பத்தே வாய்ப்புகள். அந்தப் பத்தையும் அதே எழுத்துருவில் அடித்து, அதே அளவுக்கு மங்கலாக்கி, எது உங்கள் படத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் முடிந்தது. நான்கு இலக்கங்களைச் சேர்த்தே சோதித்தாலும் 10,000 வாய்ப்புகள்தான். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. மொசைக் போட்ட கடவுச்சொல்லை இதுபோல ஒப்பிட்டு மீட்கும் டெபிக்ஸ் என்ற இலவச நிரல் 2020 டிசம்பரிலிருந்து இணையத்தில் கிடைக்கிறது.

முகமும் தப்பவில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973-ல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மாற்றிக் காட்டினார். கிட்டே வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறச் சதுரங்கள்; கண்ணைச் சுருக்கினாலோ நாலடி தள்ளி நின்றாலோ லிங்கன் வந்துவிடுவார். 2016-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் கார்னெல் டெக்கும் சேர்ந்து செய்த ஆய்வில், மொசைக் போட்ட முகங்களையும் யூடியூப் கருவி மங்கலாக்கிய முகங்களையும் கொண்டே ஒரு நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பட்டியலில் உள்ளவர்களில் இவர் யார் என்று அது சொல்லிவிட்டது. அசல் முகத்தை அது மீட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இந்த ஊழியர்களில் புகார் கொடுத்தவர் யார்’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பதிலே போதும்.

சுழல் விளைவு இதைவிட மோசம். அதில் சராசரிகூடக் கிடையாது. பிக்சல்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்த ஒருவன் தன் முகத்தைச் சுழற்றி மறைத்துப் படங்களை இணையத்தில் போட்டு வந்தான். சுருட்டிய பாயை விரிப்பது போல ஜெர்மன் காவல்துறையின் வல்லுநர்கள் அதைத் திருப்பிச் சுழற்றி முகத்தை எடுத்துவிட்டார்கள். இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட, 2007 அக்டோபரில் தாய்லாந்தில் பிடிபட்டான். அந்த வழக்கில் அது நல்லதாக முடிந்தது. உங்கள் குழந்தையின் முகத்தை மறைக்க அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

முதல் படி: எதையெல்லாம் மறைக்க வேண்டும்

கருவியைத் திறக்கும் முன் படத்தை முழு அளவில் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பாருங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளிச் சீருடையின் பேட்ஜை விட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் எடுத்த படமா? சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அதைக் கொடுத்த ஜவுளிக் கடையின் பெயர், ஊர், தெரு, தொலைபேசி எண் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் எந்த ஊர் என்று சொல்ல அது ஒன்றே போதும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம், பீரோக் கண்ணாடி, எவர்சில்வர் குடத்தில் விழும் பிம்பம், மின்வாரிய மீட்டரில் ஒட்டிய இணைப்பு எண், மேசையில் கிடக்கும் கூரியர் உறை, பைக் சாவி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

க்யூஆர் குறியையும் பார்கோடையும் மறந்துவிடாதீர்கள். ஆதார் அட்டையில் உள்ள க்யூஆர் குறிக்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. எண்ணை மட்டும் மறைத்துவிட்டு அந்தக் குறியை விட்டுவைத்தால் மறைத்ததற்குப் பொருளே இல்லை. விமான போர்டிங் பாஸும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-ல் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதில் தெரிந்த முன்பதிவு எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைந்த ஒருவர், அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பார்த்துவிட்டார்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: மறைக்கத்தான் வேண்டுமா, வெட்டிவிட முடியாதா? ஓரத்தில் நிற்பவரை மங்கலாக்குவதைவிட அந்தப் பக்கத்தையே வெட்டி எறிவது நல்லது. ஆதாரைப் பொறுத்தவரை, மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது ‘மாஸ்க்ட் ஆதார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி 4 மட்டும் தெரியும் அட்டை வரும். எண்ணின் மேல் நீங்கள் எதையும் தேய்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: முதலில் அழி, அப்புறம் மங்கலாக்கு

தகவல் இருக்கும் இடத்தில் ஒரே நிறத்தைப் பூசி அதை அடியோடு அழித்துவிட்டு, அதன் மேல் மங்கலாக்குங்கள். பார்க்க மென்மையாக, வழக்கமான ப்ளர் மாதிரியே இருக்கும். ஆனால் மங்கலுக்கு அடியில் மீட்க ஒன்றும் இருக்காது. கறுப்புப் பட்டை கண்ணை உறுத்துகிறது என்பதால்தான் பலர் ப்ளருக்குப் போகிறார்கள். இந்த முறையில் பட்டையின் பாதுகாப்பும் கிடைக்கும், படமும் கெடாது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடும் கிம்ப் மென்பொருளில் செய்முறை இது:

1. அசல் கோப்பை நகலெடுத்து, நகலைத் திறங்கள்.

2. கலர் பிக்கரை எடுத்து, அதன் விருப்பங்களில் ‘சாம்பிள் ஆவரேஜ்’ என்பதை இயக்கி, மறைக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் சொடுக்குங்கள். முகம் என்றால் கழுத்து நிறம், நம்பர் பிளேட் என்றால் பிளேட்டின் பின்னணி நிறம்.

3. முகத்துக்கு நீள்வட்டத் தேர்வுக் கருவி, எண்ணுக்குச் செவ்வகத் தேர்வுக் கருவி. விருப்பங்களில் ‘ஃபெதர் எட்ஜஸ்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் ஓரத்தில் பூச்சு அரைகுறையாக விழும். அடியில் இருப்பது கசியும். எழுத்தின் எல்லையை ஒட்டித் தேர்வு செய்யாமல் தாராளமாக எடுங்கள். எண்ணின் நீளம் தெரிந்தால்கூட அது ஒரு துப்பு.

4. ‘எடிட்’ மெனுவில் ‘ஃபில் வித் எஃப்ஜி கலர்’. தேர்ந்தெடுத்த இடம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். இந்த நொடியில்தான் உண்மையான மறைப்பு நடக்கிறது.

5. இப்போது ‘செலக்ட்’ மெனுவில் ‘க்ரோ’ கொடுத்துத் தேர்வை 15 பிக்சல் அளவுக்கு விரியுங்கள். அதன் பின் ‘ஃபெதர்’ கொடுக்கலாம். இனி ஆபத்து இல்லை.

6. ‘ஃபில்டர்ஸ்’, ‘ப்ளர்’, ‘காசியன் ப்ளர்’. அளவை ஏற்றி இறக்கி, பூசிய நிறம் சுற்றுப்புறத்தோடு கலக்கும் வரை பாருங்கள்.

7. ‘இமேஜ்’ மெனுவில் ‘ஃப்ளாட்டன்’ கொடுத்து எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி, ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ வழியாக ஜேபெக் ஆக எடுங்கள். அந்தப் பெட்டியில் எக்ஸிஃப், எக்ஸ்எம்பி (இரண்டும் கோப்புக்குள் படத்தோடு ஒட்டி வரும் விவரங்கள்), தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்) ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான்காவது படியில் டெலீட் பொத்தானையோ அழிரப்பரையோ பயன்படுத்தாதீர்கள். படத்தில் ஒளிபுகும் தன்மை இயங்கிக்கொண்டிருந்தால், அழித்த பிக்சல் கண்ணுக்கு மறைந்தாலும் அதன் நிற எண்கள் கோப்புக்குள் தங்கக்கூடும். பிஎன்ஜி ஆக எடுக்கும்போது அந்த எண்களையும் சேர்த்துச் சேமிக்க ஒரு விருப்பமே உண்டு. அழிக்காமல் பூசுங்கள். இன்னொன்று, 2025-ல் வந்த கிம்ப் 3.0 முதல் ஃபில்டர்கள் தனி விளைவாகவே அடுக்கில் ஒட்டிக்கொள்கின்றன. கிம்பின் சொந்தக் கோப்பை அனுப்பினால், வாங்குகிறவர் அந்த ப்ளரை ஒரே சொடுக்கில் அணைத்துவிடலாம். ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஃபில்டருக்கும் இதே கதை. வெளியே போக வேண்டியது எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மட்டுமே.

கூட்டத்தில் பத்து இருபது முகங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நிறம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா முகங்களுக்கும் சேர்த்துத் தேர்வு எடுத்து, பொதுவான ஒரு தோல் நிறத்தைப் பூசி, ஒரே தடவையாக மங்கலாக்குங்கள்.

போனிலேயே முடிக்க வேண்டும் என்றால்

போனில் எல்லோரும் தவறும் இடம் பேனா. ஐபோனின் மார்க்கப்பிலும் பல ஆண்ட்ராய்டு எடிட்டர்களிலும் ஹைலைட்டர் என்று ஒன்று இருக்கும். அது ஒளிபுகும் மை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு தடவை தேய்த்தால் கறுப்பாகத் தெரியும். படத்தின் பிரகாசத்தை ஏற்றினால் அடியில் உள்ள எண் பளிச்சென்று வரும். எனவே ஒளிபுகாத பேனாவோ, உள்ளே நிறம் நிரப்பிய செவ்வகமோதான் எடுக்க வேண்டும். முகத்தின் மேல் பெரிய எமோஜியை வைப்பது பலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். மறைப்பு என்ற அளவில் அது லேசான ப்ளரைவிடப் பல மடங்கு உறுதியானது.

வாட்ஸ்அப்பில் வரையும் கருவிக்குள் கட்டம் கட்டமாக மங்கலாக்கும் தூரிகை உண்டு. சிக்னல் செயலியில் 2020 ஜூனிலிருந்து முகங்களைத் தானே கண்டுபிடித்து மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்த சமயத்தில் கொண்டுவந்தார்கள். பின்னணியில் போகிற வருகிறவர்களின் முகத்துக்கு இவை போதும். யாருக்காவது உண்மையான ஆபத்து இருக்கிறது என்றால் இவற்றை நம்பாமல், முதலில் நிறத்தைப் பூசிவிட்டு அதன் மேல் இவற்றைப் போடுங்கள்.

போனில் திருத்திய படத்துக்கு அசலும் போனிலேயே பத்திரமாக இருக்கும். ‘ரிவர்ட்’ கொடுத்தால் திரும்பி வரும். சாதாரணமாகப் பகிரும்போது திருத்திய படம்தான் போகும். ஆனால் ஏர்டிராப்பில் ‘ஆல் ஃபோட்டோஸ் டேட்டா’ இயங்கினால் திருத்த வரலாறும் அசலும் சேர்ந்தே போகும். லைவ் போட்டோ, மோஷன் போட்டோ இரண்டிலும் படத்தோடு சில விநாடி வீடியோ ஒட்டியிருக்கும்; எடுக்கும் முன்பே அணைத்துவிடுங்கள். இத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க நேரமில்லை என்றால் ஓர் எளிய வழி: மறைத்து முடித்த படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை மட்டும் அனுப்புங்கள். தெளிவு கொஞ்சம் குறையும். ஆனால் திரையில் தெரிந்ததைத் தவிர வேறெதுவும் அதில் இருக்காது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி வெட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வெளியான ஒரு குறைபாடு இன்னும் மனதில் வைத்திருக்கத் தக்கது. கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வால்பகுதியில் அப்படியே கிடந்தது. அதிலிருந்து வெட்டியதை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே குறை. பின்னர் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக மக்கள் வெட்டிப் பகிர்ந்த படங்களை யாரும் திரும்பப் பெற முடியாது.

மூன்றாம் படி: அனுப்பும் முன் நீங்களே உடைத்துப் பாருங்கள்

மறைத்த படத்தைத் திறந்து பிரகாசத்தையும் கான்ட்ராஸ்டையும் கடைசி வரை ஏற்றுங்கள், இறக்குங்கள். பூச்சுக்கு அடியில் ஏதாவது உருவம் எட்டிப்பார்த்தால் மறைப்பு சரியில்லை. அடுத்து படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். லிங்கன் படத்தில் நடந்தது உங்கள் படத்திலும் நடக்கும். மங்கலான முகம் சிறிதாகும்போது தெளிவாகும். அப்புறம், படத்தில் இருப்பவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் காட்டி யாரென்று கேளுங்கள். தெரியாதவருக்குக் காட்டிப் பயனில்லை. நடையும் புடவையும் நிற்கும் விதமும் தெரிந்தவர்களுக்கு முகம் தேவையே இல்லை.

எக்ஸிஃப் தரவையும் பாருங்கள். எடுத்த நேரம், போன் மாடல், இருப்பிடத் தகவல் இயங்கியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அதில் பதிவாகும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபியை ஒரு பத்திரிகை பேட்டி கண்டு படம் வெளியிட்டது. அந்தப் படத்தின் எக்ஸிஃபில் இருந்த இருப்பிடம்தான் அவர் குவாத்தமாலாவில் இருப்பதை ஊருக்குச் சொன்னது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் நீங்காது. தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டி வரைவது மறைப்பே அல்ல. பெட்டி தனி, எழுத்து தனி. பெட்டிக்கு அடியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை வகித்திருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இப்படித்தான் இரகசியம் வெளியானது. பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தில் பூசுங்கள்.

வீடியோவுக்கு ஒரே ஒரு சொல்: மொசைக் வேண்டாம். முகமோ எழுத்தோ கட்டங்களுக்கு அடியில் நகரும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் சராசரி கொஞ்சம் மாறும். எல்லா ஃபிரேமையும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றைப் படத்தில் இல்லாத தெளிவு கிடைத்துவிடும். ஒரே நிறப் பெட்டியை நகர்த்துங்கள்.

சட்டமும் இங்கே வருகிறது. இந்தியாவில் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் 23-வது பிரிவில் பெயரையும் படத்தையும் மட்டுமல்ல, முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் வரை சொல்லக் கூடாது என்கிறது. அதாவது முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, வீட்டு வாசலையும் அழுதுகொண்டிருக்கும் தாயையும் தெளிவாகக் காட்டும் செய்திப் படம் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. கேமராவைத் தூக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அழகுக்கான மங்கல்

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில், 1863-ல், பரிசாக வந்த கேமராவோடு படமெடுக்கத் தொடங்கினார். முகங்களை வேண்டுமென்றே சற்றுக் குவியம் (ஃபோகஸ்) தப்ப விட்டார். அன்றைய விமர்சகர்கள் அதைத் தொழில் தெரியாத வேலை என்றார்கள். இன்று அவரைக் கொண்டாடுவதே அந்த மென்மைக்காகத்தான். 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தவர், அங்கே தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களையும் படமெடுத்தார். 1879-ல் இறந்து, மலையகத்தில் பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். படத்தில் எதைத் தெளிவாக்குவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கும் உரிமை படமெடுப்பவருக்கு உண்டு என்பதை அவர் அன்றே நிலைநாட்டினார். மென்பொருளில் மங்கலாக்கும்போது நமக்கும் அந்த முடிவு தேவை.

பின்னணியைக் கரைப்பதிலிருந்து தொடங்குவோம். முடிந்தவரை படமெடுக்கும்போதே செய்யுங்கள்: ஆளைப் பின்னணியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், நீங்கள் ஆளுக்கு அருகில் போங்கள், லென்ஸில் எஃப் 1.8 போன்ற அகலத் திறப்பை வையுங்கள். போனில் போர்ட்ரெய்ட் மோடு என்றால், இரண்டு லென்ஸ்களையோ சென்சார் தரும் ஆழத் தகவலையோ வைத்து எது அருகில், எது தூரம் என்று அது கணக்கிட்டு மங்கலாக்குகிறது. அது தடுமாறும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடியின் ஓரம், பறக்கும் முடி, ஜிமிக்கியின் இடைவெளி, தலையில் வைத்த மல்லிகைச் சரம். பூவின் பாதி தெளிவாகவும் மீதி பின்னணியோடு கரைந்தும் இருந்தால் படம் போலி என்று கண் உடனே கண்டுகொள்ளும். எடிட்டில் மங்கலின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அந்தப் பிழை அடங்கிவிடும்.

கணினியில் செய்யும்போது ஆளைத் தேர்ந்தெடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி, பின்னணிக்கு காசியன் ப்ளர் கொடுத்துவிடுவதுதான் பலரின் வழக்கம். ஆளைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் வந்துவிடும். காரணம், முன்னே பார்த்த அதே சராசரிக் கணக்கு: ஆளின் சட்டை நிறமும் பின்னணிப் பிக்சல்களின் சராசரிக்குள் கலந்துவிடுகிறது. மேலே ஒரு நகல் அடுக்கை வைத்து, அதில் ஆள் மட்டும் தெரியும்படி லேயர் மாஸ்க் (அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை) போடுங்கள். கீழ் அடுக்கில் க்ளோன் கருவியை எடுத்து, பக்கத்துச் சுவரையோ மரத்தையோ கொண்டு ஆளை மூடிவிடுங்கள். கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை, எப்படியும் மங்கப்போகிறது. அதன் பிறகு கீழ் அடுக்கை மங்கலாக்கினால் ஒளிவட்டம் வராது. இந்த ஒரு படியில்தான் கற்றுக்குட்டியின் வேலையும் கைதேர்ந்தவரின் வேலையும் பிரிகின்றன.

மங்கலின் வகையும் முக்கியம். குவியம் தப்பிய விளக்கை உண்மையான லென்ஸ் தெளிவான ஓரமுள்ள வட்டத் தட்டாகக் காட்டும். காசியன் ப்ளரில் அது ஓரமில்லாத புகை ஆகிவிடும். திருவிழாச் சீரியல் பல்புகள், தெருவிளக்குகள் பின்னணியில் இருந்தால் கிம்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் உள்ள ‘லென்ஸ் ப்ளர்’ எடுங்கள். அதிலும் விளக்குகள் சோகையாகத் தெரிந்தால், படத்தில் 255-ஐ மீறி எண் இல்லை என்பதே காரணம். நிஜத்தில் சுவரைவிடப் பல நூறு மடங்கு பிரகாசமான பல்பும், படத்தில் வெள்ளைச் சுவரும் ஒரே 255. அதனால்தான் அந்த ஃபில்டரில் ஹைலைட்டை ஏற்ற தனி விருப்பம் வைத்திருக்கிறார்கள். பல்புகள் மட்டும் ஒளிரும் வரை அதை ஏற்றுங்கள்.

தரையை மறந்துவிடக் கூடாது. முழு உருவம் தெரியும் படத்தில் ஆளின் காலடியில் உள்ள தரை ஆளின் அதே தூரத்தில் இருக்கிறது. அது தெளிவாகத்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் போகப் போக மங்கல் கூட வேண்டும். மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட் ஒன்றை இழுத்தால் இது கிடைக்கும். செய்யாவிட்டால் ஆள் காற்றில் மிதப்பார்.

ஓட்டத்தைக் காட்டும் மங்கலுக்கு மென்பொருளைவிட கேமராவே மேல். குற்றாலத்து அருவியை ட்ரைபாடில் வைத்து அரை விநாடி எடுத்தால் தண்ணீர் பட்டாகும், பாறை தெளிவாக நிற்கும். தேரோட்டத்தில் கால் விநாடி வைத்தால் வடம் பிடிக்கும் கைகள் கரைந்து, ஒரு கணம் அசையாமல் நின்ற முகம் மட்டும் மிஞ்சும். சைக்கிளில் போகிறவரை 1/30 விநாடியில், அவர் கூடவே கேமராவைத் திருப்பியபடி எடுத்தால் அவர் தெளிவாகவும் தெரு கோடுகளாகவும் விழும். இதையே பிறகு செய்ய வேண்டும் என்றால் ‘லீனியர் மோஷன் ப்ளர்’ இருக்கிறது. அதில் கோணம் வண்டி போகும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனியாகச் ‘சர்க்குலர்’ வகை. ஓடும் வண்டியில் சக்கரக் கம்பிகள் தெளிவாக நின்றால் கண் நம்பாது.

ஊரையே பொம்மையாக்கும் டில்ட் ஷிஃப்ட் விளைவு உயரத்திலிருந்து சரிவாக எடுத்த படங்களுக்கே பொருந்தும். திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து கீழே கடைவீதியைப் பார்த்து எடுத்த படம் இதற்குக் கச்சிதம். படத்தின் குறுக்கே ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலும் கீழும் படிப்படியாக மங்கலாக்குங்கள். கிம்பில் ‘ஃபோகஸ் ப்ளர்’ எடுத்துக் கிடைமட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மிக அருகில் வைத்துப் பார்க்கும் சின்னப் பொருள்களில்தான் குவியம் இவ்வளவு குறுகலாக இருக்கும் என்பது கண்ணின் பழக்கம், எனவே பஸ்ஸும் ஆட்டோவும் பொம்மையாகத் தெரிகின்றன. நிறங்களைக் கொஞ்சம் கூட்டினால் விளைவு இன்னும் ஏறும். தெளிவான பட்டைக்குள் நிற்கும் உயரமான கோபுரத்தின் உச்சி மட்டும் மங்கிவிடாமல் மாஸ்க்கில் மீட்டுவிடுங்கள். அடியும் உச்சியும் ஒரே தூரத்தில்தானே இருக்கின்றன.

கனவு போன்ற ஒளிர்வுக்கு, கனடா நாட்டுப் புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் பிரபலமாக்கிய முறை எளிது. அவர் இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தார், ஒன்று தெளிவு, மற்றது மங்கல். நீங்கள் அடுக்கை நகலெடுத்து, காசியன் ப்ளர் கொடுத்து, ‘ஸ்கிரீன்’ முறையில் மேலே வைத்து, அடர்த்தியை 20, 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். காலைப் பனி, காடு, குழந்தை முகம் ஆகியவற்றுக்கு நன்றாக வரும். கட்டடங்களுக்கும் கல்லுக்கும் வேண்டாம்.

கடைசியாக இரண்டு நுட்பங்கள். ப்ளரின் ஆரம் படத்தின் அளவைப் பொறுத்தது: 4000 பிக்சல் அகலப் படத்தில் 20 கொடுப்பதும் 1000 பிக்சல் படத்தில் 5 கொடுப்பதும் கண்ணுக்கு ஒன்றே. எனவே இறுதி அளவுக்குச் சிறிதாக்கிய பிறகு மங்கலாக்குங்கள். அச்சுக்கும் போனுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அடுத்து, மங்கலான இடத்தில் படத்தின் இயல்பான மணல் போன்ற நுண்புள்ளிகள் (நாய்ஸ்) மறைந்து மெழுகு பூசியது போலாகிவிடும். ஆளின் மேல் அந்த நுண்புள்ளிகள் இருக்க, பின்னணியில் ஒன்றும் இல்லை என்றால் ஒட்டுப்போட்டது தெரியும். ‘நாய்ஸ்’ ஃபில்டரில் மிகக் குறைந்த அளவு எடுத்து மங்கிய பகுதிக்கு மட்டும் கொடுங்கள். மாலை வானத்தை மங்கலாக்கி ஜேபெக் ஆக எடுக்கும்போது பட்டை பட்டையாக வரும் கோடுகளையும் அதே புள்ளிகள் உடைத்துவிடும். தரத்தை 90-க்குக் கீழே இறக்காமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.